அளவுநாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். அமெரிக்க பேஸ்போல் வீரர் பாரி போண்ட்ஸ் 2007இல் ஹோம் ரன் சாதனையை முறியடித்தபோது, அந்த விளையாட்டின் ஆணையாளர் பட் சீலிக் மைதானத்துக்குப் போகாமல் விட்டது சரிதான் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். ஊக்கமருந்து எடுத்தவர் என்று ஊரே பேசும் ஒருவரின் சாதனைக்கு அதிகாரி போய் நின்றால் அதை ஏற்றுக்கொண்டது போலாகிவிடும் என்பது அவருடைய வாதம். எனக்கு அது சரியாகப் படவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் வன்னிப் பள்ளிக்கூடங்களில் உடற்கல்வி படிப்பித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பேஸ்போல் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாத விளையாட்டு. கிரிக்கெட்டில் சிக்ஸர் மாதிரி, பந்தை வேலிக்கு அப்பால் அடித்தால் ஹோம் ரன். ஹாங்க் ஆரன் தன் வாழ்நாளில் 755 அடித்திருந்தார். கடைசி ஹோம் ரன்னை 1976இல் மில்வோக்கி அணிக்காக அடித்தார். அந்த அணி அப்போது சீலிக்கினுடையது. இரண்டு பேரும் நெடுநாள் நண்பர்கள். போண்ட்ஸ் 2007 ஓகஸ்ட் 4ஆம் திகதி சான் டியாகோவில் 755ஐத் தொட்டபோது சீலிக் அங்கே இருந்தார். எழுந்து நின்றார், ஆனால் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டபடியே நின்றார். மூன்று நாள் கழித்து சான் பிரான்சிஸ்கோவில் 756ஆவது போனபோது அவர் அங்கே இல்லை. சாதனையைப் பறிகொடுத்த ஆரனும் வரவில்லை. ஆனால் அவர் முன்கூட்டியே பதிவுசெய்து கொடுத்த வாழ்த்து மைதானத்தின் பெரிய திரையில் ஓடியது.

கட்டுரையாளர் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. இதே ஆரன் 1974இல் பேப் ரூத்தின் 714ஐத் தாண்டினார். அதற்கு முந்திய மாதங்களில், கறுப்பர் ஒருவர் ரூத்தின் சாதனையைத் தொடுவதா என்று கொலை மிரட்டல் கடிதங்கள் அவருக்கு வந்தபடி இருந்தன. சின்சினாட்டியில் அவர் 714ஐத் தொட்டபோது அன்றைய ஆணையாளர் பூயி கூன் அங்கே இருந்தார். ஏப்ரல் 8ஆம் திகதி அட்லாண்டாவில் 715ஐ அடித்தபோது அவர் கிளீவ்லண்டில் ஒரு விருந்தில் இருந்தார். தனக்குப் பதிலாக மொன்டி இர்வின் என்ற பழைய வீரரை அனுப்பியிருந்தார். கூனின் பெயரைச் சொன்னதும் அட்லாண்டா சனம் கூச்சலிட்டது. ஆரன் மனதில் அது நெடுங்காலம் வடுவாகக் கிடந்தது. பார்த்தீர்களா, இரண்டு ஆணையாளரும் சமன் செய்யும்போது இருந்தார்கள், முறியடிக்கும்போது இல்லை. ஒருவருக்கு முன்னால் நின்றவர் குற்றமற்ற மனிதர், மற்றவருக்கு முன்னால் நின்றவர் சந்தேகத்துக்கு உள்ளானவர். வெறுமையாகக் கிடந்த கதிரை இரண்டு பேருக்கும் ஒரே செய்தியைத்தான் சொன்னது. அதிகாரி வராமல் விடுவது தீர்ப்பு ஆகாது என்று நான் சொல்வது இதனால்தான். அந்தக் கதிரைக்கு யார் குற்றவாளி, யார் சுத்தம் என்று பிரித்துச் சொல்லத் தெரியாது.

இதை எனக்குப் படிப்பித்தது அமெரிக்கா அல்ல. யுத்தம் முடிந்து சனம் திரும்பிக் குடியேறிய முதல் வருடங்களில் நடந்த ஒரு வலய மட்ட மெய்வல்லுநர் போட்டி. பெண்களுக்கான முப்பாய்ச்சல், 17 வயதுக்கு உட்பட்ட பிரிவு. நான் அளவுநாடா பிடித்தேன். ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை சப்பாத்தில்லாமல் பாய வந்திருந்தாள். முள்ளிவாய்க்கால் வரை ஓடி, பிறகு மெனிக் பாம் முகாமில் இருந்து திரும்பிய குடும்பம். பிறப்புச் சான்றிதழ் உட்பட எல்லாப் பத்திரமும் ஒரு பையோடு தொலைந்துபோயிற்று. கையில் இருந்தது வயதை மதிப்பிட்டுக் கொடுத்த ஒரு கடிதம் மட்டும். அவளுக்கு வயது கூட என்று இன்னொரு பள்ளிக்கூடம் எழுத்தில் ஆட்சேபனை கொடுத்திருந்தது. கொடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு, அதில் எனக்குக் குறை இல்லை.

அவளின் மூன்றாவது பாய்ச்சலுக்கு முன்னரே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, பழைய சாதனை இன்றைக்குப் போகும் என்று. சாதனை விழுந்தால் அங்கேயே திரும்ப அளந்து, பதிவுத்தாளில் கையெழுத்து வைக்க வேண்டிய அதிகாரி பந்தலில் இருந்தார். பிள்ளை ஓட்டத்தைத் தொடங்கும் கோட்டுக்கு வந்து நின்றதும் அவர் எழும்பித் தன் வாகனத்துப் பக்கம் போனார். பிரச்சினைக்குரிய விசயம், நாளைக்கு என்னைக் கேட்பார்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டுப் போனாராம். பிள்ளை பாய்ந்தாள். பழைய தூரத்தைவிட ஒரு சாண் கூட. மணலில் இருந்து எழும்பி முதலில் அவள் பார்த்தது அளவுநாடாவை அல்ல, பந்தலை. பிறகு என்னிடம் வந்து, “சேர், அவர் ஏன் எழும்பிப் போனவர்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தண்ணீர் குடி பிள்ளை என்றேன்.

சில மாதம் கழித்து, நடமாடும் சேவை ஒன்றின் மூலம் பிறப்புச் சான்றிதழின் பிரதி கிடைத்தது. வயது சரி. ஆட்சேபனையும் விழுந்தது, முதலாமிடம் அவளுக்கே உறுதியானது. ஆனால் சாதனைக்கான கட்டத்தில் கையெழுத்து இல்லை, திரும்ப அளந்த குறிப்பும் இல்லை. அன்றைக்கு ஆள் இல்லாததால் பிறகு யாராலும் அதை நிரப்ப முடியவில்லை. அந்த அதிகாரி கெட்ட மனிதர் அல்ல. அவர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். அதன் விலையை ஒரு பிள்ளை கொடுத்தாள்.

போய் நின்றால் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும் என்ற பயத்துக்கு 1988 சியோல் ஒலிம்பிக்கே பதில் சொல்கிறது. பென் ஜோன்சன் 100 மீற்றரை 9.79 செக்கனில் ஓடினார். அதிகாரிகள் இருந்தார்கள், பதக்கத்தைக் கழுத்தில் போட்டார்கள். மூன்று நாளில், சிறுநீர்ப் பரிசோதனையில் ஸ்டானசொலோல் என்ற ஊக்கமருந்து அகப்பட்டு, பதக்கம் திரும்பப் போயிற்று. முன்னுக்கு நின்று பார்த்தது அதிகாரிகளின் கையைக் கட்டிப்போடவில்லை. ஓட்டம் நடந்த இடத்தில் நேரம் எடுத்தார்கள், தீர்ப்பை ஆய்வுகூட முடிவு வந்தபிறகு சொன்னார்கள்.

எங்கள் முரளியின் கதையையும் நினைத்துப் பாருங்கள். 1995இல் மெல்பேர்னில் டரல் ஹெயார் ஏழு தடவை நோ போல் சொன்னார். 1999இல் அடிலெய்டில் இன்னொரு நடுவர், ரொஸ் எமர்சன், சொன்னார். 2004இல் அவுஸ்திரேலியப் பிரதமரே முரளி பந்தை எறிகிறார் என்றார். இதற்குச் சர்வதேச கிரிக்கெட் பேரவை என்ன செய்தது? முரளியின் கை ஆய்வுகூடத்தில் அளக்கப்பட்டது. மற்றப் பந்துவீச்சாளர்களின் கைகளையும் ஆராய்ந்து, 2005இல் பந்து வீசும்போது முழங்கை 15 பாகை வரை நிமிரலாம் என்று எல்லோருக்கும் ஒரே விதியை வைத்தார்கள். அந்த விதி பிடிக்காதவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் 2007 டிசம்பர் 3ஆம் திகதி கண்டி அஸ்கிரியவில் போல் கொலிங்வூட்டின் விக்கெட் சரிந்து முரளியின் டெஸ்ட் விக்கெட்டுகள் 709 என்ற உலக சாதனை ஆனபோது, இதற்குப் போவதா விடுவதா என்று எந்த அதிகாரியும் தலையைச் சொறிய வேண்டி இருக்கவில்லை. முடிவு முதலே எழுத்தில் இருந்தது. நாங்கள் கிளிநொச்சிப் பக்கம் ஒரு பற்றரி ரேடியோவைச் சுற்றியிருந்து கேட்டோம். வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது என்று வன்னி வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் கொஞ்ச நேரம் எங்கள் முகத்தில் சிரிப்பு இருந்தது.

பேஸ்போலில் நடந்தது மறுவளம். ஊக்கமருந்துப் பரிசோதனையை வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டார்கள். போண்ட்ஸுக்கு அந்தச் சபை ஒரு நாள் தடைகூடப் போடவில்லை. நீதிமன்றத்தில் 2011இல் நீதிக்கு இடையூறு செய்ததாக ஒரு குற்றச்சாட்டில் அவர் குற்றவாளி ஆனார், 2015இல் மேன்முறையீட்டில் அதுவும் தள்ளுபடியானது. அவர் ஓய்வுபெறும்போது இருந்த 762 இன்றுவரை புத்தகத்தில் முதலிடத்தில் இருக்கிறது. அப்படியானால் சீலிக் அன்றைக்கு வராததால் எது மாறியது? செய்ய வேண்டிய விசாரணையைச் செய்ய வேண்டிய காலத்தில் செய்யாதவர்கள், கடைசியில் கதிரையை வெறுமையாக விட்டு அதை ஈடுசெய்யப் பார்த்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆரனின் நண்பராக அவர் மனது வலித்திருக்கும், அதை நான் மதிக்கிறேன். நண்பராக மட்டும் இருந்திருந்தால் வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

கமம் செய்கிறவர்களுக்கு இது விளங்கும். இரணைமடுத் தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானைக்கும் ஒரு கமக்காரனுக்கும் மனஸ்தாபம் இருக்கலாம். அந்த வயலுக்கு எல்லை வழக்குக்கூட நடந்துகொண்டிருக்கலாம். அதற்காக முறைத் தண்ணீர் திறக்கும் நாளில் அவர் வாய்க்கால் பக்கம் வராமல் இருந்தால் நாங்கள் விடுவோமா? அவர் வருவது அந்தக் கமக்காரனுக்கு மாலை போட அல்ல, எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பார்க்க.

எங்கள் பக்கத்தில் குழப்பம் வருவதே இந்த மாலையால்தான். அதிகாரி என்றால் பிரதம விருந்தினர், பொன்னாடை, பேச்சு, படம் என்று பழக்கிவிட்டோம். அதனால் போவது என்றாலே கௌரவிப்பது என்று அவர்களும் நினைக்கிறார்கள், நாங்களும் நினைக்கிறோம். சந்தேகம் இருக்கிற இடத்தில் பொன்னாடையை விடுங்கள், கைதட்டவும் வேண்டாம். கைகளைப் பைக்குள் விட்டபடி நின்றாலும் பரவாயில்லை. சான் டியாகோவில் நின்ற சீலிக்கை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் வந்து நில்லுங்கள், அளவைப் பாருங்கள், ஆட்சேபனை இருந்தால் அதையும் அதே தாளில் எழுதுங்கள், கையெழுத்து வையுங்கள்.

வலய மட்டப் போட்டிகள் தொடங்கும் காலம் வரும்போது சம்பந்தப்பட்டவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சாதனைப் பதிவுத்தாளில் ‘ஆட்சேபனை நிலுவையில்’ என்று ஒரு கட்டம் சேருங்கள். பொறுப்பான அதிகாரி கடைசி நிகழ்ச்சி முடியும்வரை பந்தலில் இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கையில் ஒரு வரி போடுங்கள். ஆள் பற்றாக்குறை என்றால் என்னைப் போல் ஓய்வுபெற்றவர்கள் துணுக்காயில் இருந்து ஒட்டுசுட்டான் வரை பத்துப் பேராவது இருக்கிறோம். அளவுநாடாவின் ஒரு முனையை நாங்கள் பிடிக்கிறோம். மறுமுனையைப் பிடிக்க அதிகாரிதான் வரவேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
மல்லாவி.