முதலில் ஒரு லிட்டர் போதும், கயல்

அன்புள்ள கயலுக்கு,

பொரித்த பழைய எண்ணெயில் மெத்தனால் என்ற ஆல்கஹாலும் காஸ்டிக் சோடாவும் கலந்து, வண்டிக்குப் போட பயோடீசல் செய்யப்போகிறேன் என்று நேற்று போனில் நீ சொன்னதிலிருந்து எனக்கு ஒரே சந்தோஷம். இங்கிலாந்தில் வருஷத்துக்கு 2,500 லிட்டர் வரை வரி கிடையாது, கணக்கு எழுதி வைத்தால் போதும் என்பதையும் விசாரித்து வைத்திருக்கிறாய். ஆனால் மீன் பொரித்து விற்கும் கடைக்காரர் கொடுத்த எண்ணெய் மொத்தத்தையும் ஒரே தடவையில் போடுவேன் என்றாயே, அது வேண்டாம். முதலில் ஒரு லிட்டர் செய்து பார்.

பலமுறை பொரித்த எண்ணெயில் கொழுப்பு அமிலம் பிரிந்து கிடக்கும், அது எவ்வளவு என்று பார்க்காமல் காஸ்டிக் சோடாவைப் போட்டால் டீசலுக்குப் பதில் சோப்புதான் வரும். அதனால் டைட்ரேஷன், அதாவது அந்த அமிலத்தைச் சரிக்கட்ட எவ்வளவு காஸ்டிக் பிடிக்கிறது என்று அளக்கும் சோதனை, அதைச் செய்யாமல் எதையும் கலக்காதே. ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் 1 கிராம் காஸ்டிக். வேறொரு குப்பியில் 10 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அதில் 1 மில்லி எண்ணெய், நிறம் மாறிக் காட்டும் பினாப்தலீன் ரெண்டு சொட்டு. காஸ்டிக் கரைசலைச் சிரிஞ்சில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விடு. விழுந்த இடத்தில் ரோஸ் நிறம் வரும், குலுக்கினால் ஓடிவிடும், அதைப் பார்த்து நிறுத்திவிடாதே. குலுக்கிய பிறகும் கால் நிமிஷமாவது நிறம் நிற்க வேண்டும். எத்தனை மில்லி பிடித்ததோ அத்தனை கிராமோடு 3.5 கிராம் கூட்டு. 2 மில்லி என்றால் ஒரு லிட்டர் எண்ணெய்க்கு 5.5 கிராம் காஸ்டிக்.

எண்ணெயில் தண்ணீர் இருந்தாலும் சோப்புதான். படபடவென்று வெடிக்கும் சத்தம் அடங்கும்வரை சூடாக்கி, 55 டிகிரிக்கு ஆறவிட்டு, அப்புறம்தான் அந்த அளவு காஸ்டிக் கரைத்த 200 மில்லி மெத்தனாலை ஒரு லிட்டர் எண்ணெயில் ஊற்ற வேண்டும். மெத்தனால் 65 டிகிரியிலேயே கொதித்துவிடும். அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது, காஸ்டிக் அரித்துவிடும்.

மெத்தனாலைப் பற்றித்தான் எனக்குப் பயம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தது இதைக் கலந்த சாராயத்தால்தான். குடித்தால் மட்டும் இல்லை, ஆவியாக மூச்சில் போனாலும், தோல் வழியாக இறங்கினாலும் விஷம், கண்ணைப் பறித்துவிடும். தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுடரே தெரியாது. வீட்டுக்குள் செய்யாதே, வெளியே திறந்த இடத்தில் செய், அடுப்போ சிகரெட்டோ பக்கத்தில் இருக்கக் கூடாது, கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

ஒரு மணி நேரம் கலக்கிவிட்டு ராத்திரி முழுக்க அப்படியே விடு. கறுப்பாக அடியில் தங்குவது கிளிசரின், அதிலும் மெத்தனால் இருக்கும், சிங்க்கில் கொட்டாதே. மேலே நிற்பது தேன் நிறத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் கண்ணை நம்பாதே. 27 மில்லி மெத்தனாலில் அதில் 3 மில்லி விட்டுக் குலுக்கு. பயோடீசல் முழுக்கக் கரைந்துவிடும், மாறாத எண்ணெய் அடியில் துளியாக இறங்கிவிடும். இதை 20 டிகிரி வாக்கில் செய்ய வேண்டும், நம்மூர் வெயிலில் செய்தால் எண்ணெயும் கொஞ்சம் கரைந்து தேறின மாதிரி காட்டிவிடும். அந்த விஷயத்தில் உங்கள் ஊர் வசதி.

கடைக்காரர் எதில் பொரிக்கிறார் என்று கேட்டாயா? பாமாயிலோ மாட்டுக் கொழுப்போ என்றால் குளிர்காலத்தில் உன் வண்டி டேங்க்கிலேயே உறைந்துவிடும். கோடையில் மட்டும் பயன்படுத்து.

டைட்ரேஷனில் எத்தனை மில்லி வந்தது என்று வாட்ஸ்அப்பில் அனுப்பு. நான் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு காஸ்டிக்கை எடை போட்டால் போதும்.

அம்மா