தொலைவு மட்டும் செய்தியாகிவிடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏவுகணைச் சோதனை நடக்கும்போதெல்லாம், அது எத்தனை கிலோமீட்டர் பாயும், எத்தனை கிலோ வெடிபொருளைச் சுமக்கும் என்பதோடு நம் நாளிதழ்கள் செய்தியை முடித்துவிடுகின்றன. கம்மவான்பேட்டை போலப் படைக்குப் பிள்ளைகளை அனுப்பும் ஊர்களைக் கொண்ட எங்கள் மாவட்டத்தில், இச்செய்திகளை வரி விடாமல் படிக்கும் இளைஞர்கள் ஏராளம் என்பதால் இக்குறை எனக்குப் பெரிதாகவே படுகிறது.

கப்பலிலிருந்து ஏவப்படும் ‘தனுஷ்’ ஏவுகணையை எடுத்துக்கொள்வோம். நிலத்திலிருந்து ஏவப்படும் பிருத்வி ஏவுகணையின் கடற்படை வடிவமான இது 350 கி.மீ. பாயும் என்கிறார்கள், வேலூரிலிருந்து மதுரைக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆகவே நிலத்திலுள்ள இலக்கைத் தாக்க வேண்டுமானால், கப்பல் எதிரிக் கரையை நெருங்கியே தீர வேண்டும். அரக்கோணத்திலுள்ள ‘ராஜாளி’ கடற்படை விமானத் தளத்திலிருந்து பறக்கும் பி-8ஐ கண்காணிப்பு விமானங்கள் நமக்காகக் கடலைத் துழாவுவதுபோல எதிரியின் விமானங்களும் துழாவும் என்பதையும், இதைச் சுமந்த சுபத்ராவும் சுவர்ணாவும் சிறு பீரங்கிகளை மட்டுமே கொண்ட ரோந்துக் கப்பல்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த 350-க்குப் பொருள் விளங்கும்.

எரிபொருளோ இன்னும் பெரிய சிக்கல். தனுஷ் திரவ எரிபொருளில் இயங்குவது. அதனுடன் சேரும் நைட்ரிக் அமிலக் கலவை, செம்புகை கக்குவது, உலோகத்தை அரிப்பது, எரிபொருளைத் தொட்ட மாத்திரத்தில் தீப்பற்றுவது. மாலுமிகள் உண்டு உறங்கும் கப்பலில் இதை வைத்துக் காப்பது எத்தகைய பொறுப்பு என்பதை எந்தச் செய்தியிலும் நான் படித்ததில்லை. அதேபோல, ஹெலிகாப்டர் தளத்தில் நிறுத்தப்படும் நான்கு டன்னுக்கு மேற்பட்ட ஏவுகணை, அலையில் கப்பல் ஆடினாலும் சாயாமல் நிற்கும்படி நம் பொறியாளர்கள் அமைத்த மேடையைப் பற்றியும் எவரும் எழுதுவதில்லை. 2000 ஏப்ரலில் நடந்த முதல் சோதனை முழு வெற்றி பெறாதபோதும், பின்னர் அவர்கள் அதைச் சாதித்துக் காட்டினார்கள். என் கணிப்பில் தனுஷின் உண்மையான பெருமை அந்த மேடைதான். போர்க்கருவி என்ற முறையில் பிரம்மோஸும், அரிஹந்த் நீர்மூழ்கிக்கென உருவான திட எரிபொருள் கே-15 ஏவுகணையும் தனுஷைக் கடந்துவிட்டன.

எனவே இனி சோதனைச் செய்தி வெளியிடும்போது எந்தக் கப்பல், என்ன எரிபொருள், ஏவுவதற்கு முன் செய்ய வேண்டிய ஆயத்தம் என்ன, அக்கப்பலைக் காக்க உடன் எவை செல்லும் என்பவற்றையும் நான்கு வரிகளில் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.