பிள்ளைகள் சொல்வதையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

காஸா செய்தி என்றாலே நம் பத்திரிகையில் ஒரு குழந்தையின் படம் வந்துவிடுகிறது. சாம்பல் படிந்த முகம், கையில் காலிப் பாத்திரம். சரி, அந்தப் பிள்ளை என்ன சொல்கிறது? அமைச்சர்கள் பத்தி பத்தியாகப் பேசுகிறார்கள், பிள்ளைக்கு ஒரு வரி கிடையாது.

காஸாவை ஒட்டியுள்ள இஸ்ரேலிய ஊரான ஸ்டெரோட்டில் சைரன் ஒலித்தால் ஓடி ஒளிய 15 விநாடிதான். அங்கே ஒரு விளையாட்டுத் திடலில் கம்பளிப்புழு போல வண்ணமடித்து வைத்திருப்பதே ராக்கெட்டுக்குப் பதுங்கும் கான்கிரீட் கூடுதான். காஸாப் பிள்ளைக்கு அதுவும் இல்லை. 2008-ல் அங்கே பிறந்த பிள்ளை, 2023 அக்டோபருக்கு முன்பே நான்கு பெரிய போர்களைப் பார்த்துவிட்டது. (2011-ல் கடற்கரையில் ஒரே நேரத்தில் 12,000-க்கும் மேல் பட்டம் விட்டுக் கின்னஸ் சாதனை செய்ததும் காஸாப் பிள்ளைகள்தான், அதையெல்லாம் யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்!)

இஸ்ரேல் ராணுவத்தின் பிடியில் உள்ள மேற்குக் கரையில், ஹெப்ரோன் பழைய நகரில், பாலஸ்தீனப் பிள்ளைகள் அந்த ராணுவத்தின் சோதனைச் சாவடியைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும், சிப்பாய் கேட்டால் புத்தகப் பையைத் திறந்து காட்ட வேண்டும். பக்கத்திலேயே யூதக் குடியேற்றக்காரர்களின் பிள்ளைகளும் வளர்கிறார்கள். இரண்டு பையன்களும் கல்லெறிந்து பிடிபட்டால் பாலஸ்தீனப் பையனுக்கு ராணுவ நீதிமன்றம், யூதப் பையனுக்கு இஸ்ரேலின் சாதாரண சிறார் சட்டம். நமக்கு யாராவது விளக்க வேண்டிய இந்த விஷயம் அங்கே 12 வயதுப் பையனுக்கு அத்துப்படி.

ஒன்று மட்டும், பிள்ளைகள் என்றால் வெள்ளைப் புறா வரைந்து சமாதானம் பேசுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், அது நம் ஆசை. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தாக்குதலில் பிணையாகத் தூக்கிச் செல்லப்பட்ட பிள்ளையும், குண்டுவீச்சில் குடும்பம் மொத்தத்தையும் இழந்த பிள்ளையும் ஏன் நமக்குப் பிடித்த மாதிரி பேச வேண்டும்? எதிர்ப்பக்கத்துப் பிள்ளையோடு பேசிப் பார்க்காமலே பெரும்பாலானோர் வளர்ந்துவிடுகிறார்கள். இஸ்ரேலில் உள்ள நேவே ஷாலோம் கிராமத்தில் யூதப் பிள்ளைகளும் அரபுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இரண்டு மொழியிலும் படிக்கும் பள்ளி 1980-களிலிருந்தே இருக்கிறது, ஆனால் அப்படிப்பட்ட பள்ளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால் வரும் பேச்சில் கோபமும் பழியும் இருக்கும். வெட்டாமல் போடுங்கள்.

ஞாயிறு இணைப்பில் அரைப் பக்கம் போதும். பேரும் முகமும் வேண்டாம், வயதையும் ஊரையும் போட்டு அவர்கள் சொன்னதை அப்படியே தமிழில் தாருங்கள். ஒரு வாரம் ஸ்டெரோட் பிள்ளை என்றால் மறுவாரம் காஸாவின் ஜபாலியா அகதி முகாம் பிள்ளை என்று கணக்குப் பார்த்துப் பங்கு பிரிக்கவும் வேண்டாம், காஸாவில் செத்த பிள்ளைகளின் எண்ணிக்கை அப்படிச் சரிபாதியாகவா இருக்கிறது?

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி, தஞ்சாவூர்