களத்தின் விதியை முதலில் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக் காலத்தில் வெளியாகும் மாயாஜாலப் படங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். களம் அமைத்து, கூட்டம் கூட்டி, இருவரை மோதவிடும் போட்டிக் காட்சிகள் மேல்நாட்டுப் படங்களிலிருந்து நமக்கு வந்தவை என்றும், கணினி வரைகலைக்குச் செலவிடப் போதிய பணம் இல்லாததால்தான் அவை நம்மிடம் எடுபடவில்லை என்றும் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். இவ்விரண்டு கருத்துகளையும் என்னால் ஏற்க இயலவில்லை.

சென்ற மாதம் என் பேரனை அழைத்துக்கொண்டு வடபழனிப் பக்கம் ஒரு திரையரங்கில் அத்தகைய மொழிமாற்றுப் படம் ஒன்றைப் பார்த்தேன். பணத்துக்குக் குறைவே இல்லாத படம். இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நின்றபோது பேரன் கேட்டான்: "தாத்தா, சிவப்பு அங்கி போட்டவன் கீழே விழவே இல்லையே, அவன் எப்படித் தோத்தான்?" எனக்கும் விடை தெரியவில்லை. பிறகு அதே காட்சியை மூலமொழியில் பார்த்தபோதுதான் விளங்கியது. சண்டை தொடங்கும் முன் முதியவர் ஒருவர் களத்தின் நடுவே வந்து, எல்லைக் கோட்டைத் தாண்டிக் கால் வைப்பவர் தோற்றவர் என்று அறிவிக்கிறார். தமிழில் அந்த இடத்தில் ஒரு கேலி வசனத்தை வைத்திருந்தார்கள். அரங்கில் சிலர் சிரித்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரு வரி போனதால் அதன் பின் வந்த நீண்ட சண்டை முழுவதும் வெறும் புகையும் வெளிச்சமுமாகக் கழிந்துபோயிற்று.

சிறுவயதில் சைதாப்பேட்டையில் சில ஆண்டுகள் சிலம்பம் பழகியவன் நான். எங்கள் வாத்தியார் மண்ணில் காலால் வட்டம் கீறுவார். கம்பின் முனையில் ஈரச் சுண்ணாம்பைத் தடவிக் கொடுப்பார். எங்கே பட்டால் எத்தனை புள்ளி என்பதைச் சுற்றி நிற்கும் சிறுவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொல்லிவிட்டுத்தான் கம்பை எடுக்கவிடுவார். என் இடது தோளில் முதன்முதலாக வெள்ளைப் பொட்டு விழுந்தபோது எனக்கு வலி தெரியவில்லை. "பட்டுடுச்சு" என்று சுற்றிலும் கத்திய பிறகுதான் தோளைத் திரும்பிப் பார்த்தேன். விதி தெரிந்த கூட்டம் ஒன்று சுற்றி நின்றதால்தான் அந்தச் சின்ன வட்டத்துக்குள் நடந்தது போட்டியாக இருந்தது.

இது நமக்குப் புதிதும் இல்லை. புறநானூற்றின் 80-ஆம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆமூர் மல்லனோடு சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி பொருததைச் சாத்தந்தையார் பாடுகிறார். சோழனின் ஒரு கால் மல்லனின் மார்பில் மண்டியிட்டிருக்க, மற்றொரு கால் அவன் செய்யும் சூழ்ச்சியைத் தடுத்து முதுகில் வளைந்திருக்கும் அந்த நிலையை இன்றைய படத்தொகுப்பாளரே வியக்கும் அளவுக்கு அண்மையில் காட்டுகிறது பாட்டு. ஆனால் புலவர் விரும்புவது வேறொன்றை: மகன் கிள்ளியோடு மனம் வேறுபட்ட தந்தை தித்தன், அதற்காக மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும், இந்த வெற்றியைத் தன் கண்ணால் காண வேண்டும் என்கிறார். அங்கே இல்லாத பார்வையாளன் ஒருவனை நினைத்தே பாட்டு முழுவதும் நடக்கிறது. வகுப்பில் இதை நடத்திய ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் அந்த இடத்தில்தான் அமைதியானார்கள்.

திரைப்படத்துக்கு வருகிறேன். 1948-இல் வந்த 'சந்திரலேகா'வில் எம்.கே.ராதாவும் ரஞ்சனும் மோதும் நீண்ட வாள்சண்டை இன்றும் பேசப்படுகிறது. அது மாயப்படம் அன்று என்பதால் அதை விட்டுவிட்டாலும், 1951-இல் வந்த 'பாதாள பைரவி' இருக்கிறது. மாயப் பதுமை யார் கையில் இருக்கிறதோ அவர் கேட்டதைத் தரும் என்ற ஒரே விதியை வைத்துக்கொண்டு, மந்திரவாதியாக வந்த எஸ்.வி.ரங்காராவும் நாயகன் என்.டி.ராமாராவும் மோதும் கதை அது. பதுமை கைமாறும்போதெல்லாம் நம் நெஞ்சு அடித்துக்கொள்வதற்கு அந்த விதி நமக்குத் தெரிந்திருப்பதுதான் காரணம். 'திருவிளையாடல்' (1965) இன்னும் ஒரு படி மேலே போனது. பாணபத்திரர் தோற்றால் பாண்டிய நாடே ஏமநாத பாகவதருக்கு இசையில் அடிமை என்ற நிபந்தனை முதலிலேயே நம் காதில் விழுந்துவிடுகிறது. அதனால் போட்டி நடக்காமலேயே, விறகுவெட்டியின் பாட்டைக் கேட்டு பாகவதர் இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போகும்போது, நேருக்கு நேர் மோதி வென்றதைவிடப் பெரிய நிறைவு நமக்குக் கிடைக்கிறது. 'கர்ணன்' (1964) படத்தின் அரங்கேற்றக் காட்சியிலும் அம்பைவிட, குலம் என்ன என்று கேட்கும் விதிதான் ஆளைக் குத்துகிறது.

மேல்நாட்டுப் படங்களுக்கும் இது பொருந்தும். ஹாரி பாட்டர் வரிசையின் 4-ஆவது படம் 2005-இல் வந்தது. அதில் மந்திரப் பள்ளிகளுக்கு இடையே ஒரு போட்டி நடக்கிறது. பள்ளிக்கு ஒருவர் என மூன்று பள்ளிகளுக்கு மூன்று பேர், 17 வயது நிறைந்தவர்கள் மட்டுமே பெயர் கொடுக்கலாம், போட்டியாளரைத் தேர்ந்தெடுக்கும் மாயக் கோப்பை ஒரு பெயரை வெளியிட்டுவிட்டால் பின்வாங்க முடியாது என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள். பிறகு 14 வயதுச் சிறுவன் ஹாரியின் பெயர் நான்காவதாக வெளிவரும்போது, ஒரு வாள்கூட உருவப்படாமல் மண்டபம் முழுவதும் உறைந்து நிற்கிறது. அந்தப் படத்தில் எனக்குக் குறையாகப் படுவதும் இதே வழியில் வருவதுதான். நாவலில் டிராகனுடனான மோதல் பார்வையாளர்களின் கண் எதிரே களத்துக்குள்ளேயே முடிகிறது. படத்திலோ அது சங்கிலியை அறுத்துக்கொண்டு கோட்டைக் கூரைமேல் பறக்க, கூட்டம் வெறுங்களத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வரைகலை அங்கே அற்புதம். ஆனால் அந்தச் சில நிமிடங்கள் அது போட்டியாக இல்லை, துரத்தலாகிவிட்டது.

ஆகவே பணம் இல்லை என்ற சமாதானத்தை நம் இயக்குநர்களும் வசனகர்த்தாக்களும் தயவுசெய்து ஏற்க வேண்டாம். விதியைச் சொல்லும் இரண்டு வரி வசனத்துக்கும், அதைக் கேட்கும் ஒரு தாயின் அல்லது ஒரு பகைவனின் முகத்தைக் காட்டுவதற்கும் கோடிகள் தேவைப்படுவதில்லை. மொழிமாற்றம் செய்பவர்களிடம் எனக்கு இன்னும் அழுத்தமான வேண்டுகோள் உண்டு: நகைச்சுவையை எங்கு வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளுங்கள், களத்தின் விதியை அறிவிக்கும் வரியை மட்டும் தெளிவான தமிழில் விட்டுவையுங்கள். நம் பிள்ளைகள் பலர் இத்தகைய படங்களைத் தமிழில் மட்டுமே பார்க்கிறார்கள்.

தங்கள் இதழின் திரை விமர்சனங்களிலும், இத்தகைய படம் வரும்போது, சண்டைக் காட்சிகள் பிரம்மாண்டம் என்பதோடு நிறுத்தாமல், யார் எதற்காக எந்த விதிப்படி மோதுகிறார்கள் என்பது தமிழ் வசனத்தில் புரிகிறதா என்று ஒரு வரி சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
மேற்கு மாம்பலம், சென்னை – 33.