மும்தாஜுக்கு, கம்பெனி இடிபடுவது பற்றி

அன்பு மும்தாஜ்,

எப்படி இருக்கிறாய், பாய்க்கு முட்டி வலி தேவலையா, சின்னவனுக்குப் பரீட்சை முடிந்ததா? இங்கே எல்லோரும் சௌக்கியம், வெயிலைத் தவிர குறையில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். பீடிக் கம்பெனியை இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பழைய கேட் படத்தை வாட்ஸப்பில் போட்டு, “இதைக் காப்பாத்த வேலூர்ல ஒருத்தருமே இல்லையா” என்று கேட்டிருந்தாயே, அதற்குப் போனில் பதில் சொன்னால் வழக்கம்போல நீ பேசிக்கொண்டே போவாய், நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். அதனால் எழுதுகிறேன். இடிக்கட்டும் மும்தாஜ். அந்த இடத்தில் ஏழைகளுக்கு அடுக்குமாடி வீடு வரப்போகிறது. அது வந்தே தீர வேண்டும் என்று நினைக்கிறவள் நான்.

நீ பார்த்த கம்பெனி வேறு. ஆள் போக்குவரத்து நின்ற பிறகு அரசமரம் வேர் விட்டுப் பின்சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டது. அந்தச் சுவரை ஒட்டித்தான் வரிசை வீடுகள், நம் மேரி அக்கா வீடு, உன் அம்மாவோடு பிறந்த ஜரீனா காலா குடியிருக்கும் அறை எல்லாம். 2021 நவம்பர் மழையில் பேர்ணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் செத்தார்களே, அதில் 4 பேர் குழந்தைகள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகைக்கும் இந்த வரிசையில் யாரும் நிம்மதியாகத் தூங்கியதில்லை. ஞாபகத்துக்காக ஒரு சுவரை நிறுத்தி வைக்கலாம், ஆனால் அதன் நிழலில் படுக்கிறவர்களிடம் கேட்டுவிட்டு வைக்க வேண்டும்.

இடிக்கிறதைப் போய் நின்று பார்த்தேன். முதலில் மரத்தைத்தான் இறக்கினார்கள். மாடி முழுக்க மெட்ராஸ் டெரஸ் இல்லையா, தேக்கு உத்தரம், அதன் மேல் சின்னச் செங்கல்லைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பு போட்ட தளம். ஒரு உத்தரம்கூட உளுத்திருக்கவில்லை. பிறகு சுவர். வடக்கிலிருந்து வந்த இரண்டு பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொரு செங்கல்லாகச் சின்னக் கொத்துக்கரண்டியால் தட்டுகிறார்கள், சுண்ணாம்புக் காரை பொலபொலவென்று உதிர்ந்து கல் முழுசாக வெளியே வருகிறது. சிமென்ட் கட்டடமாக இருந்தால் கல்லும் சேர்ந்து உடைந்திருக்கும். தூள் வைக்கிற அறைச் சுவரை உடைத்தபோது காரைகூடப் பழுப்பாக இருந்தது, அத்தனை வருஷத்துக்குப் பிறகும் புகையிலை நெடி! தெருவே தும்மியது. நம் இரண்டு அம்மாக்களும் முறத்தோடு உட்கார்ந்து, செக்கர் எத்தனை கட்டைத் தள்ளுவாரோ என்று பயந்துகொண்டிருந்த இடம்தானே அது. அந்த இடத்தின் மேல் எனக்குப் பாசம் உண்டு, அந்தப் பயத்தின் மேல் இல்லை. ஒன்றே ஒன்று, மிச்ச இடிபாட்டை லாரியில் ஏற்றிப் பாலாற்றில் கொட்டிவிடக் கூடாது. கட்டட இடிபாட்டுக்கென்று 2016-லேயே தனி விதிகள் வந்தாகிவிட்டது. அதைச் சொல்லிக் காண்டிராக்டரிடம் நானும் மேரி அக்காவும் கேட்டிருக்கிறோம்.

இப்போது என் மனசை அரிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். வீடு கட்டிவிடுவார்கள். யாருக்குக் கொடுப்பார்கள்? சென்னையில் நீ பார்க்காததா, தினமும் கண்ணகி நகரைத் தாண்டித்தானே வேலைக்குப் போகிறாய். 2000-லிருந்து ஊருக்குள் கூவத்தோரம், கால்வாயோரம் இருந்தவர்களையெல்லாம் அள்ளிக்கொண்டுபோய் அங்கே வைத்தார்கள், கூரை கிடைத்தது, வீட்டு வேலை பார்த்த பெண்களுக்கு வேலை போனது. பஸ்ஸுக்கே சம்பளத்தில் பாதி போனால் அப்போது யார் வேலைக்குப் போயிருப்பார்கள்? இங்கே கஸ்பாவில் இருக்கிற பெண்கள் பீடி சுற்றுகிறார்கள், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியைச் சுற்றி இருக்கிற லாட்ஜ்களில் பெருக்கித் துடைக்கிறார்கள், வங்காளத்திலிருந்து வரும் நோயாளிக் குடும்பங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறார்கள். எல்லாம் நடந்து போகிற தூரம். ஊர் நடுவில் ஒரு வீடு என்றால் அது வீடு மட்டும் இல்லை, பிழைப்பும்தான். இதே வீட்டை ஊருக்கு வெளியே பொட்டல்காட்டில் கட்டியிருந்தால் நான் இத்தனை சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன்.

அதனால்தான் வீடு யார் யாருக்கு என்கிற பயனாளிப் பட்டியலில் நம் வரிசைக்காரர்கள் பெயர் வர வேண்டும் என்று அலைகிறேன். அப்புறம் பயனாளி பங்குத் தொகை. ஒன்றிய அரசு மானியம், மாநில அரசு பங்கு போக மிச்சத்தைக் குடும்பம் கட்ட வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவள் அதை ஒரே மூச்சில் எங்கிருந்து கட்டுவாள்? கட்ட முடியாதவள் வட்டிக்காரனிடம் போவாள், இல்லை வீட்டு ஒதுக்கீட்டு ஆணையைக் கையில் வைத்துக்கொண்டே இன்னொருவனுக்கு விற்றுவிடுவாள். தவணையில் கட்டவும் வங்கிக்கடனுக்கும் இப்போதே ஏற்பாடு கேட்டு மனு எழுதியிருக்கிறோம், வரிசையில் எல்லோரும் கையெழுத்து போட்டாயிற்று. கட்டுமானத்தையும் விடப்போவதில்லை. 2021-ல் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் கையால் தேய்த்தாலே சுவர்ப் பூச்சு உதிர்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோமே. இங்கே பூச்சு வேலை நடக்கும்போது தினமும் போய் நிற்பதாக மேரி அக்கா சபதம் போட்டிருக்கிறாள். அவள் போய் நின்றால் மேஸ்திரி பாடு உனக்கே தெரியும்.

நீ செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது, இதை மட்டும் தள்ளிப்போடாதே. கண் ஆபரேஷனுக்குக் காலா உன்னிடம் வந்திருந்தபோது ரேஷன் கார்டில் அவர் பெயரை உன் வீட்டில் சேர்த்தாயே, அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது, ஆதாரிலும் உன் முகவரிதான். இந்தத் திட்டத்தில் குடும்பத்துக்கு நாட்டில் எங்கேயும் பக்கா வீடு இருக்கக் கூடாது. உன் கார்டில் அவர் பெயர் இருந்தால், சொந்த வீடு இருக்கிற குடும்பம் என்று முதல் பார்வையிலேயே தள்ளிவிடுவார்கள். அவர் தனிக் குடித்தனம், வாடகை கட்டுகிறார் என்று நாம் பிறகு கத்தி என்ன பயன்? பெண் பெயரில்தான், இல்லையென்றால் பெண்ணையும் சேர்த்துத்தான் வீட்டை எழுதுவார்கள், அவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு இனிமேல் வராது. அடுத்த மாதம் கணக்கெடுப்புக்கு வருகிறார்கள்.

இந்த வாரமே பெயர் நீக்க விண்ணப்பம் போட்டு, ரசீதைப் படம் எடுத்து அனுப்பு. இங்கே புதுக் கார்டு, முகவரி மாற்றம் எல்லாம் காலாவைக் கூட்டிக்கொண்டு போய் இ-சேவை மையத்தில் நான் முடித்துவிடுகிறேன். அவர் “எனக்கு எதுக்கும்மா வீடு, நான் இன்னும் எத்தனை நாள்” என்று உன்னிடம் போனில் ஆரம்பிப்பார். நீ உருகிப்போய்த் தலையாட்டாதே.

அன்புடன்,
கோமதி