கிழக்கு மாகாணத்துக்கு ஓர் ஏற்றுமதி உதவி அலுவலகம் தேவை

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தைப் பற்றியும் சீனன்குடா எண்ணெய்க் குதங்களைப் பற்றியும் பத்திரிகைகளில் அடிக்கடி எழுதப்படுகிறது. வெளிநாட்டு வர்த்தகம் என்றாலே எமது ஊரில் பேச்சு துறைமுகத்தில் தொடங்கித் துறைமுகத்திலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் கிண்ணியாவிலோ மூதூரிலோ குச்சவெளியிலோ ஒரு பொருளைத் தயாரித்துப் பிறநாட்டில் விற்க விரும்பும் சிறு உற்பத்தியாளரின் பொதி, கொழும்புக்கு லொறியில் போய்த்தான் கப்பலேறுகிறது. இத்தகையோருக்காகக் கிழக்கு மாகாண நிர்வாகம் தன் பொறுப்பில் ஒரு வெளிநாட்டு வர்த்தக ஊக்குவிப்பு அலுவலகத்தைத் திருகோணமலையில் திறக்க வேண்டும்.

வெளிநாட்டு வர்த்தகம், மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி மத்திய அரசுக்கு ஒதுக்கப்பட்ட விடயம் என்றும், அதற்கென 1979ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஏற்றுமதி அபிவிருத்திச் சபை இருக்கிறது என்றும் சிலர் மறுக்கக்கூடும். இந்திய அரசியலமைப்பிலும் அது மத்திய அரசுக்குரிய ஒன்றியப் பட்டியலில்தான் உள்ளது. இருந்தும் தமிழ்நாட்டு அரசு முதலீட்டாளருக்கு வழிகாட்ட 1992இலேயே தனி நிறுவனம் அமைத்ததுடன், 2021இல் தனக்கென ஓர் ஏற்றுமதி மேம்பாட்டுக் கொள்கையையும் வெளியிட்டது. தீர்வையை நிர்ணயிப்பதும் உடன்படிக்கையில் கையொப்பமிடுவதும் கொழும்பின் வேலையாகவே இருக்கட்டும். விவசாயமும் கூட்டுறவும் மாகாணங்களுக்குரிய அதிகாரங்களின் பட்டியலில் இருக்கையில், விவசாயியின் விளைபொருளை வாங்குபவரின் வாசல்வரை கொண்டுசேர்க்கத் துணைநிற்பதை எந்தச் சட்டமும் தடுக்கப்போவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தினர் முருங்கையிலையை நிழலில் உலர்த்தித் தூளாக்குகின்றனர். லண்டனில் கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவர் அதை வாங்க முன்வந்தார். ஈரப்பதன், நுண்ணுயிர் பற்றிய ஆய்வறிக்கை, தாவர சுகாதாரச் சான்றிதழ், எந்த நாட்டு உற்பத்தி என்பதற்கான சான்றிதழ், சுங்கக் குறியீட்டு இலக்கம் என ஒவ்வொன்றுக்கும் அவர்கள் வெவ்வேறு இடங்களுக்கு அலைய வேண்டியிருந்தது. ஒரு படிவத்தில் நிகர நிறைக்குரிய கட்டத்தில் மொத்த நிறையை எழுதிவிட்டதால் எல்லாம் திரும்பி வந்தன. இறுதியில் தூள் கொழும்பு வியாபாரி ஒருவருக்குக் கிலோக் கணக்கில் விற்கப்பட்டு, அவருடைய பெயர் பொறித்த பையில் வெளிநாடு போனது. படிவத்தை ஒருமுறை பார்த்துத் திருத்திக்கொடுக்க ஓர் அலுவலர் இங்கு இருந்திருந்தால் போதும்.

கடலுணவின் நிலை இதைவிடச் சிக்கலானது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு மீன் உற்பத்திகளை அனுப்புவதாயின், அவை அங்கீகாரம் பெற்றுப் பட்டியலில் இடம்பெற்ற நிலையத்தில் பதப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். மீன் சட்டப்படி பிடிக்கப்பட்டது என்பதற்கான பிடிப்புச் சான்றிதழும் வேண்டும். சட்டவிரோத மீன்பிடியை இலங்கை தடுக்கத் தவறியமைக்காக அந்த ஒன்றியம் விதித்து 2015இல் நடைமுறைக்கு வந்த இறக்குமதித் தடை, மறு ஆண்டு நீக்கப்படும்வரை மீன் ஏற்றுமதியை எவ்வளவு பாதித்தது என்பதைத் துறையினர் மறந்திருக்க மாட்டார்கள். எமது கரையில் பிடிபடும் நண்டும் கணவாயும் குளிரூட்டிய லொறிகளில் மேற்குக் கரைக்குப் போகும்வரை, பதப்படுத்தும் கூலியும் இலாபமும் அங்கேதான் தங்கும். ஒரு மீனவர் சங்கம் அந்த அங்கீகாரத்தைப் பெற எத்தகைய கட்டடம், எத்தகைய நீர், எத்தகைய பதிவேடுகள் வேண்டும் என்பதை உடனிருந்து சொல்லிக்கொடுப்பது இந்த அலுவலகத்தின் முதல் வேலைகளுள் ஒன்றாக இருக்க வேண்டும்.

மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தபின் நிர்வாகம் ஆளுநரிடம் இருந்துவருவதால், இதற்கென மாகாண சபை இயற்ற வேண்டிய நியதிச்சட்டம் வரும்வரை காத்திருப்பதில் பயனில்லை. விவசாய, கூட்டுறவுத் திணைக்களங்களிலிருந்து சிலரையும், சுங்கப் பத்திரங்கள் நிரப்பிப் பழகிய ஓய்வுபெற்ற ஒருவரையும் சேர்த்து, தலைமைச் செயலகத்தின் ஒரு பிரிவாகவே இதைத் தொடங்கிவிடலாம். படிவ விளக்கங்கள் தமிழிலும் சிங்களத்திலும் கிடைக்க வேண்டும். முதல் ஆண்டு ஒதுக்கீட்டை வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்குத் தூதுக்குழு அனுப்புவதில் செலவிடாமல், மாதிரிகளை ஆய்வுகூடத்தில் பரிசோதிக்கும் கட்டணத்தில் ஒரு பகுதியைச் சிறு உற்பத்தியாளருக்கு மீளளிப்பதற்கு ஒதுக்குமாறு ஆளுநரைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.