ஹானர் மோட் குறிப்புகளுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

பால்டர்ஸ் கேட் 3 என்ற வீடியோ கேமின் மிகக் கடினமான ஹானர் மோடுக்கான தமிழ்க் குறிப்புகள் ஒரு வழியாக முழு வடிவத்துக்கு வந்துவிட்டன. பாதிக்கு மேல் உங்கள் கைவண்ணம். "உதவிய அனைவருக்கும் நன்றி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், யார் சொன்னதால் எது மாறியது என்பது புதிதாக விளையாட வருபவர்களுக்குத் தெரியாமலே போய்விடும். ஆகவே கொஞ்சம் நீட்டித்தான் எழுதுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உச்சமான 12ஆம் லெவலில் ஒரு பில்ட் (கேரக்டரின் திறன்களைத் தேர்ந்து அமைக்கும் விதம்) எவ்வளவு அடிக்கும் என்பதை யாரும் எங்கும் படித்துக்கொள்ளலாம். 3ஆம் லெவலிலிருந்து 5ஆம் லெவல் வரை அந்தக் கேரக்டர் உயிரோடு இருக்குமா என்று கேட்டவர்கள் நீங்கள். 2023 நவம்பரில் பேட்ச் 5-உடன் வந்த இந்த மோடில் ஒரே ஒரு சேவ்தான். குழுவின் நால்வரும் விழுந்தால் கதை முடிந்தது. பழைய சேவுக்குத் திரும்பும் வழி கிடையாது. அந்தக் கேள்வியை மனதில் வைத்துப் பார்த்தபோது, பேர்பெற்ற பில்ட்கள் பல முதல் ஆக்ட்டிலேயே (கதையின் முதல் பாகம்) தடுமாறுவது தெரிந்தது. குறிப்புகளின் வரிசையே அதனால்தான் மாறியது.

முதல் நன்றி, ஸ்டாட் (ஆளின் அடிப்படைத் திறன் எண்கள்) கணக்கைப் பிரித்துப் போட்ட அண்ணனுக்கு. கையில் இருப்பது 27 புள்ளி. ஒரு ஸ்டாட்டை 15 ஆக்க 9 செலவு, 14க்கு 7, 10க்கு 2, 8க்கு ஒன்றும் இல்லை. முன்வரிசை ஆளுக்கு அவர் கொடுத்த பிரிப்பு 15, 15, 14, 10, 8, 8. மேலே கிடைக்கும் +2, +1 ஐச் சேர்த்தால் ஸ்ட்ரெங்த் (பலம்) 17, கான்ஸ்டிட்யூஷன் (உடலுறுதி) 16, டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) 14. இதில் ஒற்றைப்படையாக நிற்கும் 17 தனியாக எதுவும் தராது, 16க்கு உள்ள அதே +3 போனஸ்தான். 4ஆம் லெவலில் டேவர்ன் பிராலர் என்ற ஃபீட் (கூடுதல் சிறப்புத் திறன்) எடுத்தால் அதோடு வரும் +1, அதை 18 ஆக்கிவிடும். கிரேட் வெப்பன் மாஸ்டர் எடுத்தால் அந்த +1 இல்லை. சூனியக்காரி ஆண்டி எத்தலின், ஸ்டாட்டை 1 கூட்டும் முடி கிடைக்கும்வரை அந்த ஒரு புள்ளி சும்மாதான் கிடக்கும். ஃபீட் எதுவென்று முடிவு செய்துவிட்டு அப்புறம் ஸ்டாட் போடச் சொன்னது அவர்தான். முதலிலேயே தவறாகப் போட்டுவிட்டாலும் குடி முழுகிப் போகாது. முகாமில் இருக்கும் விதர்ஸிடம் 100 தங்கம் கொடுத்தால் எல்லாவற்றையும் மாற்றி அமைத்துக்கொள்ளலாம்.

கிரேட் வெப்பன் மாஸ்டர் பற்றிய வாதத்தை முடித்துவைத்த தம்பிக்குத் தனி நன்றி. அடிக்கும் ரோலில் (அடி படுமா என்று 20 முகப் பகடையை உருட்டுவது) 5 குறையும், டேமேஜில் 10 கூடும். எடுக்கலாமா கூடாதா என்று ஆளுக்கொரு கருத்து சொல்லிக்கொண்டிருந்தபோது இவர் எண்ணை வைத்துப் பேசினார். 5ஆம் லெவல், ஸ்ட்ரெங்த் 17, கையில் சாதாரண கிரேட்ஸ்வார்ட். அடிக்கும் போனஸ் +6, சராசரி டேமேஜ் 10. எதிரியின் ஆர்மர் கிளாஸ் (அடி பட, ரோலும் போனஸும் சேர்ந்து எட்ட வேண்டிய எண்) 15 என்றால் படும் வாய்ப்பு 60 சதவீதம், ஓர் அடிக்கு எதிர்பார்க்கும் டேமேஜ் 6. ஃபீட்டை ஆன் செய்தால் வாய்ப்பு 35 சதவீதமாக விழுகிறது, எதிர்பார்ப்பு 7. இந்த ஒரு புள்ளிக்காக மூன்றில் இரண்டு வீச்சைக் காற்றில் விடுவது ஹானர் மோடில் கட்டுப்படியாகாது. அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டி நல்லதை எடுப்பது) கிடைத்தால் நிலைமை மாறுகிறது. ஃபீட் இல்லாமல் 8.4, ஃபீட்டோடு 11.5. அதன்மேல் ரோலைக் கூட்டும் பிளெஸ் மந்திரம் இருந்தால் 14.4. ஆர்மர் கிளாஸ் 18 உள்ள ஆள்மேல், அட்வான்டேஜும் இல்லாமல், ஃபீட் ஆனில் இருந்தால் 4, ஆஃபில் இருந்தால் 4.5. அதாவது நஷ்டம். அந்த ஃபீட்டை நடுச்சண்டையிலும் பட்டியில் ஆஃப் செய்யலாம் என்பது பலருக்குத் தெரியாது. எதிரிமேல் கர்சரை வைத்து, காட்டும் சதவீதத்தைப் பார்த்து, அடிக்கு அடி மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

இதே கணக்குதான் எறியும் பில்டை முதல் ஆக்ட்டின் ராஜாவாக்கியது. டேவர்ன் பிராலர், ஸ்ட்ரெங்த் போனஸை எறியும் ரோலிலும் டேமேஜிலும் இரண்டாம் முறை சேர்க்கிறது. 4ஆம் லெவலில் ஸ்ட்ரெங்த் 18 என்றால் 4, மறுபடி 4, புரொஃபிஷியன்சி (பயிற்சி போனஸ்) 2, ஆக +10. ஆர்மர் கிளாஸ் 15க்கு எதிராக 80 சதவீதம். ஹில் ஜயன்ட் எலிக்ஸிர் என்ற மருந்தைக் குடித்தால் ஸ்ட்ரெங்த் 21, வாய்ப்பு 90 சதவீதம். பெர்செர்க்கர் பார்பேரியன் கிளாஸுக்கு (ஆளின் போர்த் தொழில்) 3ஆம் லெவலிலேயே போனஸ் ஆக்ஷனில் (ஒரு முறையில் கிடைக்கும் கூடுதல் செயல்) என்ரேஜ்டு த்ரோ என்ற எறிதல் வந்துவிடுகிறது, பட்ட எதிரி தரையில் விழுவான். இந்த விளையாட்டில் தரையில் விழுந்தவுடன் கான்சென்ட்ரேஷன் (போட்ட மந்திரத்தை நீடிக்க வைக்கும் கவனம்) உடையும். எதிர்த்தரப்பு மந்திரவாதியை நிறுத்த இதைவிட மலிவான வழி எங்களுக்குத் தெரியவில்லை.

இந்தப் பகுதியில் என்னென்ன சொதப்பும் என்று எழுதி அனுப்பியவர்கள் பலர், எல்லோருக்கும் சேர்த்து நன்றி. சாதாரண ஈட்டி எறிந்த இடத்திலேயே கிடக்கும், பள்ளத்தில் விழுந்தால் போனது போனதுதான். ஆகவே கோப்லின் முகாமில் சண்டை மூட்டுவதற்கு முன் வியாபாரி ரோவா மூன்க்ளோவிடம், எறிந்தபின் கைக்குத் திரும்பும் ரிட்டர்னிங் பைக்கை வாங்கிவிட வேண்டும். என்ரேஜ்டு த்ரோவை ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் அடிக்கும் ரோலில் 1 குறைந்துகொண்டே போகும், நீளும் சண்டையில் இது உறைக்கும். எலிக்ஸிர் ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேலை செய்யும். ஸ்ட்ரெங்த் எலிக்ஸிர் குடித்தவர் பிளட்லஸ்ட், விஜிலன்ஸ் போன்ற மற்ற எலிக்ஸிர்களை மறந்துவிட வேண்டும். லாங் ரெஸ்ட் (முகாமில் இரவு ஓய்வு) எடுத்தவுடன் அதன் பலம் போய்விடும் என்பதால், எலிக்ஸிரை நம்பி ஸ்ட்ரெங்தை 8இல் வைத்தவர்கள் காலையில் முகாமைவிட்டுக் கிளம்பும் முன் குடித்தாயிற்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளெரிக் (பூசாரி கிளாஸ்) பகுதியை வரிவரியாகத் திருத்திய அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. பிளெஸ் போட ஒரு முதல் லெவல் ஸ்லாட் செலவு, மூன்று பேர், அடிக்கும் ரோலிலும் சேவிங் த்ரோவிலும் (பாதிப்பைத் தாங்க உருட்டுவது, சுருக்கமாக சேவ்) ஒரு டி4 (நான்கு முகப் பகடை) கூடுதல். எல்லோரும் இதுவரை சொல்லிவிடுவார்கள். அது உடையும் கணக்கை எடுத்துவைத்தவர் இவர். அடி வாங்கும் ஒவ்வொரு தடவையும் 10 அல்லது வாங்கிய டேமேஜில் பாதி, இதில் எது அதிகமோ அந்த இலக்கைக் கான்ஸ்டிட்யூஷன் சேவில் எட்ட வேண்டும். கான்ஸ்டிட்யூஷன் 14 உள்ளவர் ஒரு சின்ன அடியைத் தாங்க 65 சதவீதம். ஒரே சுற்றில் மூன்று அடி விழுந்தால் அது 27 சதவீதம்தான். இந்த சேவுக்கு அட்வான்டேஜ் தரும் வார் காஸ்டர் ஃபீட் இருந்தால் ஓர் அடிக்கு 88, மூன்று அடிக்கு 68. இதிலிருந்து இரண்டு முடிவுகள் வந்தன. பிளெஸ் போட்டவர் அந்தச் சுற்றிலேயே தூணுக்கோ மேட்டுக்கோ பின்னால் போய்விட வேண்டும். சுற்றி நிற்பவர்களைத் தாக்கும் ஸ்பிரிட் கார்டியன்ஸ் மந்திரத்தைப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் நடப்பவருக்கு 4ஆம் லெவலில் வார் காஸ்டரைத் தவிர வேறு ஃபீட்டைப் பற்றிய பேச்சே வேண்டாம்.

விஸார்டுக்கும் (மந்திரவாதி கிளாஸ்) இதே வியாதிதான். கான்ஸ்டிட்யூஷன் சேவ் புரொஃபிஷியன்சி முதலில் எடுக்கும் கிளாஸிலிருந்து மட்டுமே வரும், நடுவில் சேர்த்துக்கொண்ட கிளாஸ் அதைத் தராது. முதல் லெவலை ஃபைட்டரில் போட்டுவிட்டு விஸார்டுக்குப் போனால் அந்த சேவும் கனமான ஆர்மரும் ஷீல்டும் சேர்ந்து வருகின்றன. அதற்குக் கொடுக்கும் விலை, ஒவ்வொரு புது ஸ்பெல்லும் ஒரு லெவல் தள்ளிப்போவது. ஃபயர்பாலுக்கு 6ஆம் லெவல்வரை காத்திருக்க வேண்டும். எங்கள் கணிப்பில் இது லாபமான பேரம். ஏற்காதவர்களும் உங்களில் உண்டு, அவர்கள் வாதமும் தொகுப்பில் அப்படியே இருக்கிறது.

இனிஷியேட்டிவ் (சண்டையில் யார் முதலில் என்ற வரிசை) பற்றிய குறிப்பு சிறியது, ஆனால் அதைப்போல் பயன்பட்டது வேறில்லை. பால்டர்ஸ் கேட் 3 இதற்கு டி20 உருட்டுவதில்லை, டி4தான் உருட்டுகிறது. டெக்ஸ்டெரிட்டி 16, கூட அலர்ட் ஃபீட் என்றால் 9 முதல் 12 வரை வரும். டெக்ஸ்டெரிட்டி 14 உள்ள எதிரிக்கு 3 முதல் 6 வரைதான். இதில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை, முதல் அடி நம்முடையது. நம் ஆட்கள் அடுத்தடுத்து வந்தால் அவர்களுக்குள் மாறி மாறி விளையாடலாம் என்பதால் கூட்டுத் தாக்குதலும் இதை நம்பியே இருக்கிறது.

அந்தக் கூட்டுத் தாக்குதலில் ஒன்றைப் படிப்படியாக எழுதிக் கொடுத்தவருக்கும் நன்றி. ஒருவர் கிரியேட் வாட்டர் போட்டு எதிரிகளை நனைக்கிறார். நனைந்தவர்கள்மேல் மின்னலும் குளிரும் இரட்டிப்பு. அடுத்தவர் லைட்னிங் போல்ட். சராசரி 28 என்பது 56 ஆகிறது, சேவில் தப்பித்தவனுக்கும் 28. அவர் டெம்பெஸ்ட் கிளெரிக் இரண்டு லெவல் எடுத்திருந்தால் டிஸ்ட்ரக்டிவ் ராத் மூலம் டைஸை உச்சத்தில் நிறுத்தி 48, நனைந்தவனுக்கு 96. ஷார்ட் ரெஸ்ட்டில் அது திரும்பக் கிடைக்கும். நனைந்தவன்மேல் நெருப்பு பாதியாகக் குறைந்துவிடும், ஆகவே கூட இருப்பவர் ஃபயர்பாலைக் கையில் எடுக்கக் கூடாது. நம் ஆளும் அதே மழையில் நின்றிருந்தால் அவனுக்கும் இரட்டிப்புதான்.

ஹானர் மோடுக்கே உரிய மாற்றங்களைத் தனியாகப் பிரித்துத் தந்தவர்கள் இல்லையென்றால் பாதிக் குறிப்பு பொய்யாகியிருக்கும். ஹேஸ்ட் என்ற வேக மந்திரம் தரும் கூடுதல் ஆக்ஷனில் இங்கே எக்ஸ்ட்ரா அட்டாக் (ஒரே ஆக்ஷனில் இரண்டாம் அடி) கிடையாது, ஒரே அடிதான். பேக்ட் ஆஃப் தி பிளேட் வார்லாக்கின் கூடுதல் அடி, பாலடினின் எக்ஸ்ட்ரா அட்டாக்கோடு சேராது. மற்ற மோடுகளில் மூன்று அடி அடிக்கும், இரு கிளாஸிலும் 5 லெவல் எடுக்கும் அந்தப் புகழ்பெற்ற 5-க்கு-5 கலவை இங்கே இரண்டோடு நின்றுவிடுகிறது. ஹேஸ்ட் உடைந்தால் வாங்கியவர் ஒரு சுற்று செயலற்றுப் போவார், அதைப் போட்டவரைப் பாதுகாப்பதே ஒரு தனி வேலை. பாஸ்களின் (பெரிய எதிரிகள்) லெஜண்டரி ஆக்ஷன் என்ற சிறப்புச் செயல் நம் முறையில் நாம் செய்யும் ஏதோ ஒன்றால் தூண்டப்படும். முதல் அடிக்கு முன், எதிரியின் விவரம் காட்டும் எக்ஸாமின் திரையைத் திறந்து எது தூண்டுகிறது என்று படித்துவிட்டால் பாதி ஆபத்து விலகும்.

மல்டிகிளாஸ் (பல கிளாஸ்களைக் கலப்பது) ஆசையைக் கட்டிப்போட்டவருக்கும் ஒரு கும்பிடு. ஃபீட் என்பது பொதுவாக அந்தந்த கிளாஸின் 4, 8, 12 லெவல்களில் வருவது. குளூம்ஸ்டாக்கர் (ரேஞ்சர்) 5, ஃபைட்டர் 4, அசாசின் 3 என்று பிரித்தால் மொத்தம் இரண்டே ஃபீட். அது பரவாயில்லை. ரேஞ்சரில் 5ஐத் தொடும் முன் அசாசினுக்குத் தாவினால் எக்ஸ்ட்ரா அட்டாக் தள்ளிப்போய், மலைப்பாதையில் கித்யாங்கி ரோந்துப் படை எதிர்ப்படும்போது ஓர் அம்போடு நிற்க வேண்டிவரும்.

பட்டறையைக் காக்கும் உலோக அசுரன் கிரிமோடு நடக்கும் சண்டைக்கு வந்த குறிப்பை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறோம். எரிமலைக் குழம்பு வால்வைத் திருப்பி அவனைச் சூடேற்றாமல் அடிப்பது வீண். சூடானபின் சுத்தியல் வகை ஆயுதங்களின் அடியைத்தான் நன்றாக வாங்குவான். கடைசியாக யார் அடித்தார்களோ அவர்கள் பின்னாலேயே கிரிம் வருவான் என்பதால், கடைசி அடியைப் பட்டறைச் சுத்தியலுக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர் கொடுக்க வேண்டும். அவன் நடுமேடையைக் கடக்கும்போது அந்தச் சுத்தியலை இறக்கும் நெம்புகோல் அருகே இன்னொருவர் தயாராக நிற்க வேண்டும்.

ஸ்வார்ட்ஸ் பார்டு (பாணர் கிளாஸின் போர் வகை) பற்றி எழுதிய இருவருக்கும் நன்றி. இதற்குத் தேவையான ஹெல்மெட் ஆஃப் ஆர்கேன் அக்யூட்டி கிடைப்பது இரண்டாம் ஆக்ட்டில், மிஸ்டிக் ஸ்கவுண்ட்ரல் மோதிரம் மூன்றாம் ஆக்ட்டில். மூன்று அம்பு பட்டால் ஸ்பெல் டிசி (மந்திரத்திலிருந்து தப்ப எதிரி சேவில் எட்ட வேண்டிய எண்) 17 என்பது 23 ஆகி, உடனே போனஸ் ஆக்ஷனில், ஆளை அசையவிடாத ஹோல்டு பெர்சன். சேவ் +3 உள்ள எதிரி 20 உருட்டினால்தான் தப்புவான். அற்புதம்தான், ஆனால் அதுவரை வந்து சேர வேண்டுமே! ஆகவே தொகுப்பில் இதற்குக் கடைசி இடம்.

தப்பிக்கும் வழியைப் பற்றி யாரும் கேட்காமலே எழுதி அனுப்பியவருக்கும் கடன்பட்டிருக்கிறோம். பெரிய சண்டைக்கு முன் ஒருவரைக் குழுவிலிருந்து பிரித்துத் தொலைவில் நிறுத்துங்கள். மூவர் விழுந்தாலும் அவர் முகாமுக்குப் போய் விதர்ஸிடம் தலைக்கு 200 தங்கம் கொடுத்து எழுப்பிவிடலாம். 600 தங்கத்தை எப்போதும் தொடாமல், அந்த ஒதுங்கி நிற்பவரின் பையிலேயே வைப்பது நல்லது.

பேட்ச் 8 கொண்டுவந்த 12 துணைக் கிளாஸ்களுக்கான பகுதி இன்னும் அரைகுறையாக இருக்கிறது. ஜயன்ட்ஸ் பார்பேரியன் எறியும் பில்டில் பெர்செர்க்கரை முந்துகிறதா என்பதற்கு 3 முதல் 5 லெவல் வரையிலான எண்கள் தேவை. பிளேட்சிங்கிங் விஸார்டுக்கு மேலே சொன்ன ஃபைட்டர் லெவல் சரிப்படாது, ஷீல்டோ மீடியம், ஹெவி ஆர்மரோ இருந்தால் அதன் சிறப்புத் திறனான பிளேட்சாங் வேலை செய்யாது. இதை முதல் ஆளாகச் சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. வார்லாக்கின் புதுத் துணைக் கிளாஸான ஹெக்ஸ்பிளேடு பற்றி வந்தவற்றைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம். அனுப்புகிறவர்கள் லெவல், ஆயுதம், எதிரியின் ஆர்மர் கிளாஸ் மூன்றையும் சேர்த்தே எழுதி அனுப்புங்கள்.

நன்றியுடன்,
தொகுப்புக் குழுவினர்